ஒன்பதாம் பாயிண்ட்

டிசம்பர் 22, ஞாயிறு

கடை திறப்பதற்குள் திருமூர்த்தி வந்து நின்றுவிட்டார். ஊருக்கு மருந்துக்கடைக்காரர், எங்கள் ஆத்தூர் சைக்கிள் கழகத்துக்குத் தலைவர். பஞ்சர் ஒட்ட வந்தவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"மாதேசு, ஜனவரி பத்தொம்பது போட்டி. இந்த வருசமும் ரூட்டு உன்னுதுதான்."

"வேற ஆளு இருந்தாத்தானே?"

"அந்தத் திமிருக்குத்தான் உன்னத் தேடி வர்றது."

கல்வராயன் மலை. அடிவாரத்திலிருந்து பட்டிவளவு வரை நாற்பது கிலோமீட்டர் சைக்கிள். அங்கே வண்டியை விட்டுவிட்டு, முகட்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் இருபத்திரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் பன்னிரண்டு பாயிண்ட். எல்லாவற்றிலும் ஆள் நிறுத்த எங்களிடம் ஆளில்லை. அதனால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு கேள்வி. வருகிறவர்கள் விடையைத் தங்கள் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே போய் நின்றவருக்கு மட்டும் தெரிகிற விடையாக இருக்க வேண்டும். சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும்.

என் கால் படாத இடம் என் வரைபடத்தில் வராது. ஏழு வருடமாக அப்படித்தான். கழகத்தில் இதை 'மாதேசு கோடு' என்பார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, அதில் மறைக்க என்ன உண்டு?

டிசம்பர் 24, செவ்வாய்

ஒன்று முதல் ஐந்து வரை முடிந்தது. எல்லாம் சாலைதான். மூன்றாவது பாயிண்டுக்கு நல்ல கேள்வி கிடைத்தது: பேருந்து நிழற்குடைச் சுவரில் தேர்தல் சின்னத்துக்கு மேலே யார் பெயர் கிறுக்கியிருக்கிறது? ஏதோ ஒரு காதலனின் புண்ணியம்.

திரும்பி வந்ததும் கடையில் இரண்டு செயின் மாற்றிக் கொடுத்தேன்.

டிசம்பர் 26, வியாழன்

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ என் மனைவி வித்யாவதி ஆள் வரச்சொல்லியிருந்தாள். போன ஆடி வரை அது என் வேலை. இப்போது முதுகுவலி.

வந்தவர் ஏணியில் கால் வைத்துக்கொண்டே, "இதுல இருந்துதான் விழுந்தீங்களாங்க?" என்றார். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கடைக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 28, சனி

ஆறு, ஏழு, எட்டு முடிந்தது. அருமையான நடை. எட்டாவது பாயிண்ட் முகட்டின் மேல் ஒற்றை நாவல் மரம்.

ஒன்பது முடியவில்லை. எட்டிலிருந்து ஓடைப் பக்கமாக இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டரில் பழைய மோட்டார் ரூம். போன பிப்ரவரியில் போயிருக்கிறேன். பாதி வழியில் பெரிய பாறை ஒன்று பாதைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கட்டிப்பிடித்தபடி பக்கவாட்டில் நாலைந்து அடி வைத்துத் தாண்ட வேண்டும். கீழே பள்ளம். பாறை வரை போனேன். பனிமூட்டமாக இருந்தது. ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்கவில்லை. வலது ஷூவின் அடி வேறு வாய் பிளந்திருந்தது. அப்படி ஒரு ஷூவோடு பாறையைத் தாண்டுவது புத்திசாலித்தனம் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சட்டை முழுக்க நனைந்திருந்தது. பனிதான்.

டிசம்பர் 29, ஞாயிறு

புது ஷூ வாங்கினேன். இன்னொரு நாள் போய் ஒன்பதை முடிக்க வேண்டும்.

ஜனவரி 1, புதன்

கடைக்கு விடுமுறை. மறுபக்கத்துச் சாலை வழியாக மேலே போய் பத்து, பதினொன்று, பன்னிரண்டை முடித்துவிட்டேன். பத்திலிருந்து ஓடையோரமாக மேலே ஏறினால் ஒன்பதுக்கு அந்தப் பக்கமிருந்தும் போகலாம். நேரமாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டதும் வரைபடத்தை உட்கார்ந்து முடித்தேன். ஒன்பதுக்கு என்னுடைய பிப்ரவரித் தடத்தையே எடுத்து ஒட்டினேன். நானே நடந்து பதிவு செய்த தடம்தானே, திருட்டுச் சரக்கா? கேள்வி: மோட்டார் ரூம் கதவு என்ன நிறம்? விடை: பச்சை. பத்து மாதத்தில் மலை எங்கே போய்விடப் போகிறது?

வித்யாவதி எட்டிப் பார்த்து, "எல்லாம் போயிட்டு வந்தாச்சா?" என்றாள். ஆச்சு என்றேன்.

ஜனவரி 4, சனி

நாளை தாட்சாயணி சோதனை நடை போகிறாள். பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது. எங்கள் கழகத்தில் அவளை நடையில் முந்த ஆளில்லை. நான் போட்ட பாதையை இன்னொருவர் நடந்து சரிபார்த்த பிறகுதான் போட்டியாளர்களுக்கு அனுப்புவோம். கேள்விகள் மட்டும் உள்ள அட்டையைக் கொடுத்தேன். விடைகள் என்னிடம்.

"ஒன்பதுல மட்டும் கொஞ்சம் பாத்துப் போம்மா" என்றேன்.

"ஏண்ணா, மோசமா இருக்கா?"

"சும்மா சொன்னேன்."

ஜனவரி 6, திங்கள்

பன்னிரண்டும் சரி! ஒன்பதுக்கு அழகான கையெழுத்தில் 'பச்சை' என்று எழுதியிருக்கிறாள். அட்டையை இரண்டு தடவை பார்த்தேன். பத்து நாளாகக் கழுத்தில் ஏதோ உட்கார்ந்திருந்தது, இறங்கிப் போய்விட்டது. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்ன விசேஷம் என்று வித்யாவதி கேட்டதற்கு ஒரு துண்டை எடுத்து நீட்டினேன்.

வாட்சில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், தாட்சாயணி நடந்த தடம் பதிவாகவில்லையாம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வழக்கமாக நான் அப்படி விடுகிற ஆள் இல்லை.

ஜனவரி 8, புதன்

அறுபத்து மூன்று பேருக்கும் பாதை ஃபைல் அனுப்பியாயிற்று. சேலம், நாமக்கல், திருச்சி, இரண்டு பேர் சென்னை. நாமக்கல்லில் இருந்து எஸ்தர் புனிதா என்று ஒருவர் போனில் பேசினார். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, வயது ஐம்பத்தொன்று, இவ்வளவு பெரிய நடை இதுதான் முதல் தடவையாம்.

"சார், நான் மெதுவாத்தான் வருவேன். ஆனா வழி தப்ப மாட்டேன். உங்க மேப்பு அவ்ளோ கரெக்டா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"கோட்டு மேலயே வாங்க மேடம். ஒண்ணும் ஆகாது."

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். முன்பக்கச் சுவரின் மேல்பகுதிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். வித்யாவதி சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஆறடி ஏணில ஏற மாட்டேங்கறீங்க. மலையில மட்டும் எப்படிங்க?"

"மலையும் ஏணியும் ஒண்ணா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

இவளுக்கு எப்போது எதைக் கேட்பது என்றே தெரியாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை கிழக்குப் பக்கமே பொங்கியது.

ஜனவரி 16, வியாழன்

இன்று எழுத முடியாது.

ஜனவரி 17, வெள்ளி

நேற்றையதை இன்று எழுதுகிறேன்.

காலையில் பட்டிவளவுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். தண்ணீர் கேன் இறக்கிவைக்க இடம் பேச வேண்டும். அங்கே சடையன் இருக்கிறார். மாடு வைத்திருப்பவர், முகட்டுப் பக்கமே மேய்ப்பவர். போன வருடமும் அவர் வாசலில்தான் கேன் வைத்தோம். பேசிக்கொண்டிருக்கும்போது, ஒன்பதாவது பாயிண்டிலும் நாலு கேன் வைக்க முடியுமா, மோட்டார் ரூமுக்குள் வைத்தால் மாடு இடிக்காது என்றேன்.

"எந்த மோட்டார் ரூமுங்க?"

"ஓடக்கரையில, பச்சைக் கதவு போட்டது."

"அது எங்கீங்க இருக்குது? கார்த்திகை மழையில கரையோட போயிருச்சே. கதவு மட்டும் ரொம்பக் கீழ கெடந்துச்சு, நாந்தான் கொண்டாந்து கொட்டாய்க்குப் போட்டேன். பாறைக்கு அந்தாண்ட கொஞ்ச தூரம் போனா தடமே இல்லீங்க. புல்லு மொளச்சு நல்ல தரையாட்டம் தெரியும். காலு வெச்சா கீழதான்."

மாட்டுக் கொட்டகையைப் பார்த்தேன். பச்சைக் கதவு அங்கே நின்றது.

கார்த்திகை மழை. டிசம்பர் 28-ஆம் தேதி நான் பாறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கம் ஏற்கனவே பாதை இல்லை. ஜனவரி 5-ஆம் தேதியும் இல்லை. அப்படியானால் தாட்சாயணி எந்தக் கதவைப் பார்த்தாள்?

பள்ளிக்கூட மதிலருகே போனால்தான் டவர் கிடைக்கும். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"தாட்சாயணி, நீ ஒன்பதுக்குப் போனியா?"

"அண்ணா... எட்டுல இருந்து முகட்டு மேலயே வெட்டிப் பத்துக்குப் போயிட்டேண்ணா. லேட் ஆயிடுச்சு. போன வருசம் நீங்க குரூப்ல போட்டோ போட்டிருந்தீங்கல்ல, பச்சைக் கதவு... அதப் பாத்து எழுதிட்டேன். வேற யாரு போட்ட பாயிண்டா இருந்தாலும் போயிருப்பேண்ணா. நீங்க போட்டதுக்கு எதுக்கு சோதனைன்னு..."

"பாதை சரிஞ்சு போச்சும்மா."

"ஐயோ! நீங்க போனப்ப இருந்துச்சுல்லண்ணா?"

நான் 'ம்' என்றேன்.

அந்த 'ம்' என் வாயிலிருந்துதான் வந்தது. எழுதி வைக்கிறேன்.

குரூப்பில் செய்தி போட்டேன்: யாரும் ஒன்பதாம் பாயிண்ட் பக்கம் போக வேண்டாம், ஃபைலை அழித்துவிடுங்கள். யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. அப்போதுதான் எனக்குத் தனியாக வந்திருந்த செய்தியைக் கவனித்தேன். காலை 7.50. எஸ்தர் புனிதா. 'குட்மார்னிங் சார். இன்று லீவு போட்டு நடைப் பகுதியை ஒரு முறை பார்த்துவிட வந்தேன். உங்கள் கோட்டின் மேலேயே போகிறேன்.' கூடவே ஒரு புகைப்படம். பட்டிவளவுப் பள்ளி மதிலில் சாய்த்த சிவப்பு சைக்கிள்.

தலையைத் திருப்பினேன். சைக்கிள் அங்கேயே சாய்ந்திருந்தது.

மணி பதினொன்று இருபது. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. சடையனிடம் சொன்னதும் அவர் மறு பேச்சு பேசவில்லை. மாட்டுக் கயிறு இரண்டு, ஒரு போர்வை, அரிவாள் எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் சேர்ந்துகொண்டார்கள். எட்டாவது பாயிண்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஏறினோம். வழியெல்லாம், எஸ்தர் புனிதா களைத்துப்போய் ஏழிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஏழில் இல்லை. நாவல் மரத்தடியில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

பாறைக்கு வந்தோம். சடையன் ஒரு கையால் அணைத்தபடி தாண்டிவிட்டார். மற்றவர்களும் தாண்டினார்கள். பனி இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. ஷூ புதுசு. பாறையில் கை வைத்தேன். கீழே பள்ளம் தெரிந்தது, அவ்வளவுதான், கையை எடுத்துவிட்டேன். தொட்டி ஏணி சரிந்த அந்த நொடி அப்படியே வந்தது. எனக்குப் பயம். ஆறு மாதமாக முதுகுவலி என்றும் பனி என்றும் ஷூ என்றும் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"சார், நீங்க அங்கயே இருங்க" என்றார் சடையன்.

அப்போது விசில் கேட்டது. மெலிதாக, விட்டு விட்டு. போட்டிக்கு வருகிற எல்லோரும் கழுத்தில் விசில் மாட்டியிருக்க வேண்டும் என்பது நான் போட்ட விதிதான்.

எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. மண்டி போட்டு, கண்ணை மூடி, பாறையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். கன்னத்தில் சிராய்ப்பு இருக்கிறது.

இருபதடி கீழே, சரிந்த மண் மேட்டில் கிடந்தார். ஒரு கால் ஏடாகூடமாக மடங்கியிருந்தது. பத்தே முக்காலுக்கு விழுந்தவர். இரண்டரை மணி நேரம் வெயிலில் கிடந்து ஊதியிருக்கிறார். சடையன் கயிற்றைக் கட்டி இறங்கினார். நான் மேலே மரத்தில் சுற்றிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போர்வையில் தூளி கட்டி ஏற்றினோம். மேலே வந்ததும் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உதடு வெடித்திருந்தது.

"சார், மன்னிச்சுக்கங்க. மோட்டார் ரூமத் தேடிட்டே போனேன். காணோம். நாந்தான் எங்கயோ வழி தப்பிட்டேன்னு நெனச்சேன். உங்களுக்கெல்லாம் எவ்ளோ சிரமம்."

நான் தண்ணீர் கொடுத்தேன்.

கீழே கொண்டுவந்து சேர்க்க நாலரை மணி நேரம். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு, இடுப்பெலும்பிலும் விரிசல். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜனவரி 18, சனி

போட்டி ரத்து. திருமூர்த்தி குரூப்பில் நீளமாக எழுதியிருக்கிறார். 'சமீபத்திய மண்சரிவில் சிக்கிய சகோதரியை, உயிரைப் பணயம் வைத்துப் பாறை தாண்டிச் சென்று மீட்ட நம் மாதேஸ்வரன்.' கீழே வரிசையாகக் கைதட்டல். யாரோ என் சிராய்ப்புக் கன்னத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைக்கு வந்த இருவர் கை கொடுத்தார்கள்.

'சமீபத்திய' என்று அவரிடம் சொன்னது நான்.

தாட்சாயணி மத்தியானம் கடைக்கே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் கழகத்துல இருந்து விலகிட்டேண்ணா. போகாமலே எழுதினத தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு அசிங்கமா திட்டிட்டாரு. திட்டட்டும். நீங்க அவ்ளோ தூரம் போய்ப் பாத்துப் போட்டத, நான் ஒரு தடவ போய்ப் பாத்திருந்தா அந்தம்மாவுக்கு இப்படி ஆகியிருக்குமா?"

நான் ஸ்போக் முறுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் போன பிறகு பார்த்தால் சக்கரம் கோணிவிட்டிருந்தது.

வீட்டில் வித்யாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று போட்டி நடந்திருக்க வேண்டும்.

காலையில் சேலம் பேருந்தில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். 'டிசம்பர் 28 அன்று நான் ஒன்பதாம் பாயிண்டுக்குப் போகவில்லை. பாறையைத் தாண்டப் பயந்து திரும்பிவிட்டேன். பழைய தடத்தை ஒட்டி, போய்வந்ததாகச் சொன்னேன். கரை சரிந்தது கார்த்திகையில். தாட்சாயணி செய்தது தப்புதான், ஆனால் அவள் நம்பியது என்னை. அவள் விலக வேண்டியதில்லை. நான் விலகுகிறேன்.' இரண்டு முறை அழித்து மூன்றாவது முறை அனுப்பினேன். வாழப்பாடி வருவதற்குள் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. திருமூர்த்தி மட்டும் கேட்டிருந்தார்: 'அப்ப மிச்சம் பதினொண்ணு?' போனேன் என்று எழுதினேன். போனது உண்மை. இனி அதை யார் நம்புவார்கள்?

எஸ்தர் புனிதாவின் கால் கட்டுப் போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் கணவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியிலிருந்து தொடங்கி அந்த 'ம்' வரைக்கும். கணவர் என் கையை விட்டுவிட்டார்.

எஸ்தர் புனிதா குளுக்கோஸ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எந்த எடத்துல சார் திரும்புனீங்க?"

"அந்தப் பாறைகிட்ட மேடம்."

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"முக்கால் மணி நேரம்."

தலையை ஆட்டிக்கொண்டார். வகுப்பில் ஒரு பிள்ளையின் பதிலைக் கேட்டுக்கொள்வது போல.

"நானும் அங்க நின்னேன் சார். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வேணாம், திரும்பிரலாம்னு பையக்கூட மாட்டிட்டேன். அப்பறம் போன எடுத்துப் பாத்தேன். கோடு பாறைக்கு அந்தப் பக்கம் போகுது. மாதேஸ்வரன் சார் தாண்டிப் போயிருக்காரு, நமக்கு என்ன பயம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படிச் சொல்லித்தான் சார் தாண்டுனேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கணவர் கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்தேன்.